அமெச்சூர் நுண்ணலை வானொலி

அமெச்சூர் நுண்ணலை வானொலி என்பது வணிக நோக்கமின்றி, சொந்த ஆர்வத்தாலும் கற்றல் நோக்கத்தாலும், 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் வானொலித் தொடர்பும் ஆய்வும் செய்யும் பொழுதுபோக்குத் துறை ஆகும். பொதுவாக ஹாம் வானொலி என்று அறியப்படும் அமெச்சூர் வானொலியின் ஒரு பிரிவாகிய இது, சிற்றலை வானொலியைப் போல் பரவலாக அறியப்படவில்லை. நுண்ணலைக் கருவிகளைக் கடையில் வாங்குவது கடினம், அவற்றைச் சோதிக்கும் கருவிகள் விலை மிகுந்தவை, கோட்பாடு கடுமையானது என்னும் எண்ணங்கள் நெடுங்காலமாக நிலவி வந்தமையே இதற்குக் காரணம். வீட்டு மாடிகளில் உள்ள செயற்கைக்கோள் தொலைக்காட்சிக் கிண்ணங்கள், கம்பியில்லா இணையக் கருவிகள், மென்பொருள் வானொலிகள் ஆகியவை இந்நிலையைப் பெரிதும் மாற்றிவிட்டன. இன்று ஒரு கல்லூரி மாணவர் தகர டப்பா, பழைய கிண்ணம், மடிக்கணினி ஆகியவற்றைக் கொண்டே இத்துறையில் நுழைய முடியும்.

இக்கட்டுரை நுண்ணலைகளின் இயல்பு, வரலாறு, தொடக்க நிலைச் செய்முறைகள், இந்தியச் சட்ட நிலை ஆகியவற்றை விளக்குகிறது. நில அமைப்பின் பங்கை விளக்குவதற்குத் தமிழ்நாட்டின் சவ்வாது மலை (ஜவ்வாது மலை) எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

அலைப்பட்டைகள்

வானொலி அலையின் அதிர்வெண் கூடக்கூட அதன் அலைநீளம் குறையும். 1 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 செ.மீ.; 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 செ.மீ. அமெச்சூர் பயனர்களுக்கென உலக அளவில் 1.2, 2.3, 2.4, 3.4, 5.7, 10, 24, 47 கிகாஹெர்ட்ஸ் ஆகியவற்றை ஒட்டியும் அதற்கு மேலும் பல பட்டைகள் உள்ளன. எனினும் ஒவ்வொரு நாடும் இவற்றுள் எவற்றை, எந்த அளவில் வழங்குவது என்பதைத் தானே முடிவு செய்கிறது. பெரும்பாலான நுண்ணலைப் பட்டைகளில் அமெச்சூர் சேவை இரண்டாம் நிலைப் பயனர் ஆகும். அதாவது, முதல்நிலைப் பயனருக்கு இடையூறு செய்யக்கூடாது. அவரால் ஏற்படும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும்.

வரலாறு

நுண்ணலை ஆய்வின் தொடக்கம் இந்தியாவோடு நெருங்கிய தொடர்புடையது. கல்கத்தாவின் பிரெசிடென்சி கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸ் 1894ஆம் ஆண்டு முதல் மிகக் குறுகிய அலைகளில் ஆய்வு செய்தார். அவர் உருவாக்கிய அலைகளின் நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் முதல் 2.5 சென்டிமீட்டர் வரை இருந்தது. அதாவது 60 கிகாஹெர்ட்ஸ் வரை. 1895இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் இவ்வலைகளைக் கொண்டு தொலைவிலிருந்தே மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1897 சனவரியில் லண்டன் ராயல் நிறுவனத்தில் தம் கருவிகளை விளக்கினார்.

போஸிடம் முறையான ஆய்வுக்கூடம் இருக்கவில்லை. உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரின் உதவியுடன் ஒரு சிற்றறையில் கருவிகளைச் செய்துகொண்டார். அலையின் முனைவாக்கத்தைச் சோதிக்க, ரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கிடையே உலோகத் தாள்களை வைத்துப் பயன்படுத்தினார். முறுக்கிய சணலைக் கொண்டு, முனைவாக்கத் தளம் சுழலும் விளைவைக் காட்டினார். இன்றைய கொம்பு அன்டெனாவின் முன்னோடியும் அவருடைய கருவிகளில் இருந்தது. கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு நுண்ணலைக் கருவி செய்யும் இன்றைய ஆர்வலர்கள், அறிந்தோ அறியாமலோ, இவ்வழியையே பின்பற்றுகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர் குரோட் ரீபர் 1937இல் தம் வீட்டுக் கொல்லையில் ஏறத்தாழ 9.6 மீட்டர் விட்டமுள்ள பரவளையக் கிண்ணத்தைத் தாமே கட்டினார். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை முதலில் 3300 மெகாஹெர்ட்ஸில் தேடி ஒன்றும் காணவில்லை. பின்னர் 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தேடியபோதும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக 160 மெகாஹெர்ட்ஸில் வெற்றி பெற்றார். முதல் இரு தோல்விகளும் பயனற்றவை அல்ல. விண்ணிலிருந்து வரும் அலைகள் வெறும் வெப்பத்தால் எழுவன என்றால் உயர் அதிர்வெண்களில் அவை வலுவாக இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை என்பதை அத்தோல்விகளே காட்டின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரேடார் கருவிகளின் உதிரிகள் சந்தைக்கு வந்தபோது மேலை நாடுகளில் அமெச்சூர் நுண்ணலைப் பயன்பாடு வளர்ந்தது. 1960 சூலையில் ஐக்கிய அமெரிக்காவின் கிழக்கு, மேற்குப் பகுதிகளில் இருந்த இரு அமெச்சூர் குழுக்கள் 1296 மெகாஹெர்ட்ஸில் நிலாவை எதிரொலிப்பானாகக் கொண்டு இருவழித் தொடர்பு கொண்டன. 1970களில் கன் இருமுனையத்தைப் பயன்படுத்தும் எளிய 10 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவின. 2000 நவம்பரில் ஏவப்பட்ட ஏஓ-40 என்னும் அமெச்சூர் செயற்கைக்கோள் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைபரப்பியது. 2004 சனவரியில் அது செயலிழந்தது.

இந்திய விண்வெளி ஆய்வு மையம் 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஹாம்சாட் (வி.ஓ.-52) செயற்கைக்கோள் 2014 வரை இயங்கியது. அதன் இரு அலைமாற்றிகளுள் ஒன்று இந்தியாவிலும், மற்றொன்று நெதர்லாந்து மாணவர் ஒருவராலும் உருவாக்கப்பட்டவை. இது நுண்ணலைச் செயற்கைக்கோள் அன்று. 435, 145 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் இயங்கியது. எனினும் செயற்கைக்கோள் வழித் தொடர்பை இந்திய அமெச்சூர் வானொலியாளர் பலருக்கு அறிமுகப்படுத்தியது.

நுண்ணலைகளின் இயல்புகள்

சிற்றலைகள் வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி உலகைச் சுற்றி வரக்கூடியவை. நுண்ணலைகள் அவ்வாறு திரும்புவதில்லை. அயனி அடுக்கைக் கடந்து விண்வெளிக்குச் சென்றுவிடும். எனவே நிலத்தின் மீது இரு நிலையங்கள் தொடர்புகொள்ள, பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நேர்ப்பார்வையில் இருத்தல் வேண்டும்.

வளிமண்டலம் அலைகளைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால், வானொலி அடிவானம் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தை விடச் சிறிது தொலைவில் அமையும். அதைக் கணக்கிடும் எளிய வாய்பாடு:

தொலைவு (கி.மீ.) = 4.12 × √உயரம் (மீட்டர்)

நிலத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் வைக்கப்பட்ட அன்டெனாவின் அடிவானம் 6 கி.மீ. கூட இல்லை. அதே அன்டெனாவைச் சுற்றியுள்ள சமவெளியை விட 500 மீட்டர் உயரமான மலை விளிம்பில் வைத்தால் அடிவானம் ஏறத்தாழ 92 கி.மீ. ஆகிறது. உயரமே நுண்ணலைப் பயனரின் முதல் பெருக்கி என்று கூறலாம்.

நேர்ப்பார்வையைத் தாண்டியும் சில வேளைகளில் நுண்ணலைகள் செல்வதுண்டு. வெப்பநிலையும் ஈரப்பதமும் உயரத்தோடு இயல்புக்கு மாறாக மாறும்போது, காற்றடுக்குகள் அலையைச் சிறைப்படுத்தி நெடுந்தொலைவு இட்டுச்செல்லும். கடற்கரைப் பகுதிகளில் இது மிகுதி. 10 கிகாஹெர்ட்ஸில் அடர்ந்த மழை மேகங்கள் அலையைச் சிதறடிப்பதால், ஒன்றையொன்று காண முடியாத இரு நிலையங்கள் ஒரே மேகத்தை நோக்கி அன்டெனாக்களைத் திருப்பித் தொடர்புகொள்ள முடியும். அதே மழை, நேரான பாதையில் குறுக்கிட்டால் அலையை வலுவிழக்கச் செய்யும்.

நுண்ணலையின் பெரிய நன்மை அன்டெனாவின் அளவு. ஒரு கிண்ணத்தின் ஈட்டம் அதன் விட்டத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. சிற்றலையில் பெரிய கோபுரம் தேவைப்படும் ஈட்டத்தை, நுண்ணலையில் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கிண்ணம் தந்துவிடும்.

எடுத்துக்காட்டு: சவ்வாது மலை

சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள இம்மலையின் முதன்மை ஊர் ஜமுனாமரத்தூர். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். மலையிலுள்ள காவலூரில் 1968 முதல் வானியல் நோக்ககம் இயங்கி வருகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்த இதற்கு, இதனை நிறுவிய வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986இல் இங்கு திறந்து வைக்கப்பட்டது.

ஒளியியல் நோக்ககத்துக்கு இருண்ட வானம் தேவைப்படுவது போல, நுண்ணலை ஆய்வுக்கு உயரமும் வானொலி அமைதியும் தேவை. நகரங்களில் மின்மாற்றிகள், கம்பியில்லா இணையம், எல்இடி விளக்குகளின் மின்சுற்றுகள் ஆகியவை எழுப்பும் இரைச்சல், வலுவற்ற குறிப்பலைகளை மூழ்கடித்துவிடும். மக்கள் நெருக்கமற்ற மலைப்பகுதியில் இவ்விரைச்சல் குறைவு.

காவலூருக்கும் திருவண்ணாமலை நகருக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 45 கி.மீ. மலையின் கிழக்கு விளிம்பில் ஒரு நிலையமும், அதிலிருந்து 45 கி.மீ. தொலைவில் சமவெளியில் திறந்த மாடி ஒன்றில் மற்றொரு நிலையமும் இருப்பதாகவும், இடையே தடை ஏதும் இல்லை எனவும் கொள்வோம். இரண்டிலும் 60 செ.மீ. கிண்ணம், அதிர்வெண் 5.76 கிகாஹெர்ட்ஸ். கணக்கு பின்வருமாறு:

- அலைபரப்பியின் திறன் 100 மில்லிவாட்: +20 டிபிஎம்
- இரு கிண்ணங்களின் ஈட்டம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28.6 டெசிபெல்: +57.2
- 45 கி.மீ. வெட்டவெளியில் ஏற்படும் இழப்பு: −140.7 டெசிபெல்
- வாங்கியை வந்தடையும் திறன்: −63.5 டிபிஎம்
- ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சுக்குரிய 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 3 டெசிபெல் இரைச்சல் எண்ணுள்ள வாங்கியின் இரைச்சல் அளவு: −137 டிபிஎம்

வந்தடையும் குறிப்பலை இரைச்சலை விட 73.5 டெசிபெல், அதாவது ஏறத்தாழ இரண்டு கோடி மடங்கு வலுவாக உள்ளது. அலைபரப்பியின் திறனை 10 மைக்ரோவாட்டாக, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் பேச்சு மிகத் தெளிவாகக் கேட்கும். திறன் மிகுந்த பெருக்கி இன்றியமையாதது என்ற எண்ணம் தவறு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

நடைமுறையில் இழப்பு இதைவிடக் கூடும். பாதையில் ஒரு மேடோ மரக்கூட்டமோ குறுக்கிட்டால், குறிப்பாக இலைகள் நனைந்திருந்தால், பல பத்து டெசிபெல்கள் இழக்கப்படலாம். மேற்கூறிய கிண்ணத்தின் கற்றை அகலம் ஏறத்தாழ 6 பாகை. கிண்ணம் சில பாகைகள் விலகினாலே குறிப்பலை பெரிதும் வலுவிழக்கும். எனவே புறப்படும் முன் நிலவரைபடத்தில் பாதையின் உயரக் குறுக்குவெட்டை வரைந்து பார்ப்பதும், திசையைக் கணித்து வைப்பதும், களத்தில் திசைகாட்டியைப் பயன்படுத்துவதும் அடிப்படைப் பயிற்சிகளாகும்.

சவ்வாது மலையின் பெரும்பகுதி காடு. வனப்பகுதிக்குள் செல்வதற்கும் கருவிகளை நிறுவுவதற்கும் வனத்துறையின் அனுமதி பெறவேண்டும். நோக்ககம் ஒளியியல் தொலைநோக்கிகளைக் கொண்டதாயினும், அதன் அருகே அலைபரப்பவோ இரவில் விளக்குகளைப் பயன்படுத்தவோ முற்படுவோர் முன்கூட்டியே ஒப்புதல் பெறுவது முறை.

தொடக்க நிலைச் செய்முறைகள்

தகர டப்பா அன்டெனா

2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா இணையத்துக்கான தகர டப்பா அன்டெனா மிக எளிய செய்முறையாகும். உருளை வடிவ டப்பா ஓர் அலைநடத்தியாகச் செயல்படுகிறது. டப்பாவின் விட்டம் மிகச் சிறிதாயின் அலை உள்ளே செல்லாது. மிகப் பெரிதாயின் வேண்டாத அலைமுறைகளும் எழும். 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு 9 செ.மீ. விட்டம் பொருத்தமானது. இவ்விட்டத்தில் முதல் அலைமுறை 1.95 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கடக்கும். இரண்டாவது அலைமுறை 2.55 கிகாஹெர்ட்ஸில்தான் தொடங்கும்.

டப்பாவின் மூடிய அடிப்பக்கத்திலிருந்து 51 மி.மீ. தொலைவில் பக்கவாட்டில் துளையிட்டு, இணைப்பியைப் பொருத்தி, அதன் நடுமுனையில் 30 அல்லது 31 மி.மீ. நீளமுள்ள செம்புக் கம்பியைப் பற்றவைக்க வேண்டும். டப்பாவின் நீளம் குறைந்தது 15 செ.மீ. இருத்தல் நன்று. 51 மி.மீ. என்பது டப்பாவுக்குள் அலைநீளத்தின் கால் பங்கு, 31 மி.மீ. என்பது வெளியில் அலைநீளத்தின் கால் பங்கு. ஒரே அலைக்கு உள்ளே ஒரு நீளமும் வெளியே ஒரு நீளமும் இருப்பதை மாணவர் தம் கையால் அளந்து உணர முடிவது இச்செய்முறையின் சிறப்பு.

மடிக்கணினியில் குறிப்பலை வலிமையைக் காட்டும் மென்பொருள் இருந்தாலே அளவீடு செய்யலாம். டப்பாவைத் தன் அச்சில் 90 பாகை திருப்பினால் குறிப்பலை வீழ்வதைக் காணலாம். இதுவே போஸ் ரயில் அட்டவணையைக் கொண்டு காட்டிய முனைவாக்கம்.

எசு'ஹெயில்-2 செயற்கைக்கோளைக் கேட்டல்

2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எசு'ஹெயில்-2 செயற்கைக்கோளில் அமெச்சூர் வானொலிக்கான இரு அலைமாற்றிகள் உள்ளன. கியூ.ஓ.-100 என அழைக்கப்படும் இது, புவிநிலைச் சுற்றுப்பாதையில் இடம்பெற்ற முதல் அமெச்சூர் அலைமாற்றியாகும். கிழக்கு 25.9 பாகையில் நிலைகொண்டுள்ளதால் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா ஆகிய பகுதிகளிலிருந்து எந்நேரமும் இதனை அணுகலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பப்படுவதை 10.489 கிகாஹெர்ட்ஸில் திரும்ப அனுப்புகிறது.

சவ்வாது மலைப் பகுதியிலிருந்து நோக்கினால் இது மேற்கிலிருந்து சுமார் 9 பாகை தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 28 பாகை உயரத்தில் இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளிலுள்ள தொலைக்காட்சிக் கிண்ணங்கள் பெரும்பாலும் வானின் உச்சியை ஒட்டி நோக்குபவை. அவற்றை விட இது மிகத் தாழ்வானது. எனவே மேற்கே மரமோ மேடோ மறைக்காத இடம் தேவை. மலையின் கிழக்குச் சரிவு தரைவழித் தொடர்புக்கு ஏற்றது. இச்செயற்கைக்கோளுக்கு மேற்குப் பக்கமே ஏற்றது.

கேட்பதற்குத் தேவையானவை: வீட்டுத் தொலைக்காட்சிக் கிண்ணம், 9750 மெகாஹெர்ட்ஸ் உள்ளலையியற்றி கொண்ட எல்.என்.பி., அதற்கு மின்னழுத்தம் தரும் இணைப்புச் சுற்று, மென்பொருள் வானொலி வாங்கி, கணினி. தொலைக்காட்சி ஏற்புக்கென விற்கப்பட்ட ஆர்.டி.எல். வகைச் சிறு கருவிகளை மென்பொருள் வானொலியாகப் பயன்படுத்தலாம் என்பது 2012இல் பரவலாக அறியப்பட்டது. எல்.என்.பி. 10489.55 மெகாஹெர்ட்ஸ் குறிப்பலையை 739.55 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துத் தரும். அதை இக்கருவி எளிதில் வாங்கும். எல்.என்.பி.க்குச் செல்லும் மின்னழுத்தம் மென்பொருள் வானொலிக்குள் புகாதவாறு தடுக்கும் மின்தேக்கி இணைப்புச் சுற்றில் இருப்பது கட்டாயம். இல்லையெனில் முதல் நொடியிலேயே வாங்கி பழுதாகும். விற்பனையிலுள்ள எல்.என்.பி.க்கள் யாவும் 9750 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துவன அல்ல. வாங்கும் முன் அதன் மேல் அச்சிட்டுள்ளதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலேற எல்.என்.பி.யின் அதிர்வெண் நகர்வதைக் கணினித் திரையில் காணலாம். செயற்கைக்கோள் தொடர்ந்து அனுப்பும் வழிகாட்டிக் குறிப்பலையை அடையாளமாகக் கொண்டு மென்பொருள் இந்நகர்வைத் தானே திருத்தும்படி நிரல் எழுதுவது, மென்பொருள் பயிலும் மாணவர்க்கு ஏற்ற பணி. இச்செயற்கைக்கோள் வழியே பேசுவோர் தம் குரல் ஏறத்தாழ கால் நொடி கழித்துத் திரும்பி வருவதைக் கேட்பர். மேலே சென்று கீழே வர 77,000 கி.மீ.க்கும் மேற்பட்ட பயணத்துக்கு ஆகும் காலம் அது.

ஐதரசன் கோட்டைப் பதிவு செய்தல்

நடுநிலை ஐதரசன் அணு 1420.4 மெகாஹெர்ட்ஸில், 21 செ.மீ. அலைநீளத்தில், மிக வலுவற்ற அலையை வெளியிடுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஈவன், பர்செல் ஆகியோர் 1951 மார்ச்சில் சாளரத்துக்கு வெளியே பொருத்திய கொம்பு அன்டெனாவைக் கொண்டு இதனை முதலில் கண்டனர். புனே அருகிலுள்ள மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியும் இவ்வதிர்வெண்ணில் ஆய்வு செய்கிறது.

அட்டைப் பலகையின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிச் செய்த, வாய் ஏறத்தாழ 75 செ.மீ. × 60 செ.மீ. அளவுள்ள கொம்பு, குறைந்த இரைச்சல் பெருக்கி, வடிகட்டி, மென்பொருள் வானொலி ஆகியவை போதும். கொம்பை வானை நோக்கி வைத்து, பால் வழி மண்டலம் கடந்து செல்லும்போது சில நிமிடங்களின் பதிவைச் சராசரி எடுத்தால் நிறமாலையில் ஒரு மேடு தெளிவாக எழும். அம்மேடு சரியாக 1420.4இல் இராது. நொடிக்கு 1 கி.மீ. வேகத்துக்கு 4.7 கிலோஹெர்ட்ஸ் வீதம் டாப்ளர் விளைவால் விலகியிருக்கும். விலகலை அளந்தால் நம் விண்மீன் மண்டலத்தின் கைகள் நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம் கிடைக்கும். அட்டைப் பெட்டியால் விண்மீன் மண்டலத்தின் சுழற்சியை அளக்க முடிகிறது என்பது இச்செய்முறையைப் பள்ளி, கல்லூரிகளுக்கு மிகவும் ஏற்றதாக்குகிறது. இதில் அலைபரப்பு ஏதுமில்லை.

இந்தியாவில் உரிமம்

இந்தியாவில் அமெச்சூர் அலைபரப்புக்கு அரசின் உரிமம் கட்டாயம். 12 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் தேர்வெழுதலாம். 1978ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்தி (அமெச்சூர் சேவை) விதிகளின் கீழ் பொது நிலை, கட்டுப்படுத்தப்பட்ட நிலை என இரு நிலைகள் அமைந்தன. பொது நிலையினரின் அழைப்புக்குறி வியூ2 என்றும், கட்டுப்படுத்தப்பட்ட நிலையினரின் அழைப்புக்குறி வியூ3 என்றும் தொடங்கும். பொது நிலைக்கு மோர்சு குறியீட்டுத் தேர்வும் உண்டு. 1885, 1933ஆம் ஆண்டுகளின் பழைய தந்திச் சட்டங்களுக்கு மாற்றாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளதால், விண்ணப்பிப்போர் நடப்பு விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எசு'ஹெயில்-2க்கு அலை அனுப்ப விரும்புவோர், தம் உரிமத்தில் அப்பட்டைக்கு இடமுண்டா என உறுதி செய்த பின்னரே அனுப்ப வேண்டும்.

உரிமம் பெறாத மாணவர்க்கும் ஒரு வழி உள்ளது. 2005 முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா இணையப் பட்டை உரிமத்திலிருந்து விலக்கு பெற்றுள்ளது. அன்டெனாவின் ஈட்டத்தையும் சேர்த்த கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது முதன்மையான வரம்பு. 100 மில்லிவாட் கருவியுடன் 8 டெசிபெல் ஈட்டமுள்ள தகர டப்பாவை இணைத்தால் ஏறத்தாழ 0.6 வாட்டே ஆகும். பெரிய கிண்ணத்தை இணைத்தால் வரம்பு மீறப்படலாம். கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அலைப்பட்டைகளும் பயன்பாடும்

1978 விதிகளின் அட்டவணையில் 1260–1300, 3300–3400, 5725–5840 மெகாஹெர்ட்ஸ் ஆகிய நுண்ணலைப் பட்டைகள் அமெச்சூர் பயனர்களுக்கு இடம்பெற்றன. இவற்றின் பிற்கால நிலை கவனிக்கத்தக்கது.

- 3300 மெகாஹெர்ட்ஸ் முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை 2022ஆம் ஆண்டு அலைக்கற்றை ஏலத்தில் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்கு விடப்பட்டது. ரீபர் தம் முதல் தேடலை நடத்திய அதிர்வெண் இன்று நம் ஊர்க் கைப்பேசிக் கோபுரங்களுக்குரியது.
- 5725–5875 மெகாஹெர்ட்ஸ் 2018இல் கம்பியில்லா இணையத்துக்கு உரிம விலக்குடன் திறந்துவிடப்பட்டது. அமெச்சூர் பயனர் இப்பட்டையில் பெருங்கூட்டத்தோடு பகிர்ந்து வாழவேண்டியுள்ளது.
- 1240–1300 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழிகாட்டுச் சேவைகளும் இயங்குகின்றன. இவற்றைப் பாதுகாப்பது பற்றி 2023இல் துபாயில் நடைபெற்ற உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் விவாதிக்கப்பட்டது. அமெச்சூர் பயனர்கள் கடைப்பிடிக்கவேண்டிய திறன் அளவுகளும் அதிர்வெண் பகுதிகளும் பரிந்துரையாக வகுக்கப்பட்டன, பட்டை பறிக்கப்படவில்லை.

அலைக்கற்றை வரம்புடைய வளம். அதற்குப் பெரும் பொருள் மதிப்பு உண்டு. ஒரு பட்டையில் எவரும் இயங்கவில்லை எனில், அதை வேறு சேவைக்கு மாற்றுவதை எதிர்த்துச் சொல்ல வலுவான காரணம் இராது. இயங்குவோர் இருந்து, அவர்கள் அளவீடுகளைப் பதிவு செய்து, பிற சேவைகளுக்கு இடையூறின்றிப் பகிர முடியும் என்று காட்டினால் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு. எனவே புதியோரின் ஆர்வம் இத்துறைக்கு ஒரு பொழுதுபோக்கின் வளர்ச்சியாக மட்டுமன்றி, பட்டைகளின் நிலைப்புக்கும் காரணமாகிறது.

பேரிடர்க் காலப் பயனும் உண்டு. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பயணமாக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான இந்தியக் குழுவினர் அங்கிருந்து செய்திகளைப் பிற பகுதிகளுக்கு அனுப்பி உதவினர். அது சிற்றலைவழித் தொடர்பு; சொற்களைச் சுமக்க அது போதும். வரைபடம், ஒளிப்படம், பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை விரைந்து அனுப்ப அகன்ற பட்டை தேவை. அத்தகைய பட்டை நுண்ணலையில்தான் உள்ளது. ஆனால் மலையுச்சியில் கிண்ணத்தைத் திசை பார்த்து நிறுவுவது பேரிடர் நாளன்று கற்றுக்கொள்ளக்கூடிய திறன் அன்று.

பாதுகாப்பு

- நுண்ணலை அடுப்பைப் பிரித்து அதன் மேக்னட்ரானைச் சோதனைக்குப் பயன்படுத்துதல் கூடாது. அதனுள் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும்.
- இயங்கும் அலைபரப்பியின் கொம்பையோ அலைநடத்தியின் வாயையோ கண்ணருகில் வைத்துப் பார்த்தல் கூடாது. கண்ணின் வில்லை வெப்பத்தால் எளிதில் பாதிப்படையும்.
- பளபளப்பான கிண்ணம் சூரிய ஒளியையும் குவிக்கும், எல்.என்.பி. உருகவும் அருகிலுள்ள பொருள் தீப்பற்றவும் கூடும்.
- மலையுச்சியில் உலோகக் கம்பத்துடன் நிற்போர் இடி முழக்கம் கேட்டவுடன் கருவிகளை விட்டு இறங்கிவிட வேண்டும்.

கல்வி நிலையங்களில் ஊக்குவித்தல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் நுண்ணலைப் பொறியியல் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மாணவர் பலருக்கு அப்பாடம் மேசை மீதுள்ள அலைநடத்திக் கருவியோடு முடிந்துவிடுகிறது. அதைக் களத்துக்குக் கொண்டுசெல்லப் பின்வரும் படிமுறை பொருத்தமாக இருக்கும்.

முதலாவதாக, உரிமம் தேவைப்படாத தகர டப்பா அன்டெனாவில் தொடங்கி, கணக்கும் அளவீடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கலாம். இரண்டாவதாக, எசு'ஹெயில்-2 செயற்கைக்கோளையும் ஐதரசன் கோட்டையும் பதிவு செய்யலாம். இதற்கிடையே உரிமத் தேர்வுக்கும் படிக்கலாம். மூன்றாவதாக, உரிமம் பெற்ற இரு குழுக்கள் ஒரே நாளில், ஒன்று மலையிலும் மற்றொன்று சமவெளியிலுமாக நின்று தொடர்பு கொள்ளலாம். நுண்ணலையில் தனியாக இயங்குவதால் பயனில்லை. மறுமுனையில் ஒருவர், அதே நேரத்தில், அதே அதிர்வெண்ணில், இத்திசை நோக்கிக் கிண்ணத்தைத் திருப்பியிருக்க வேண்டும். எனவே முதலில் தேவைப்படுவது இரண்டாவது ஆர்வலர்.

தொடர்பு கிடைக்காத நாள்களையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நன்று. இடம், உயரம், திசை, வானிலை, நேரம் ஆகியவற்றுடன் எழுதப்பட்ட தோல்வி அடுத்த குழுவுக்குப் பயன்படும். தமிழில் இத்தகைய செய்முறைக் குறிப்புகள் மிகக் குறைவு. களத்தில் அளந்தவற்றை, தவறிப்போனவை உட்பட, தமிழில் எழுதி வைப்பதும் இத்துறைக்குச் செய்யும் பங்களிப்பே ஆகும்.